க்ரோனோமெத்ர் ப்ளூ: செகண்ட் ஹேண்டில் வாங்கும்முன் படிப்படியாகச் சோதிப்பது எப்படி

பெரிய கம்பெனி வாட்ச் ஒன்றைத் தவறாக வாங்கிவிட்டாலும் அதைச் சரிசெய்ய வழி இருக்கும். உதிரிபாகம் கிடைக்கும், மெஷின் தெரிந்த ரிப்பேர்க்காரர் கிடைப்பார், விற்கவும் சந்தை உண்டு. தனித்து இயங்கும் கடிகாரக் கலைஞர்களின் வாட்சில் இந்த வசதி இல்லை. சிலர் ஆண்டுக்குச் சில டஜன் மட்டுமே செய்கிறார்கள்; அவர்களில் பெரியவர்கள்கூடச் சில நூறுதான். மாற்று டயலோ மாற்றுப் பாலமோ (சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் தகடு) செய்தவரிடம் மட்டுமே இருக்கும். அதனால் வாங்கும்முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: இது அந்த வாட்ச்தானா, முழுசாக இருக்கிறதா, இனி இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? முதல் கேள்வியில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். பணம் போவது பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொண்டது அப்படித் தனித்து இயங்கும் கலைஞரான எஃப்.பி. ஜூர்னின் க்ரோனோமெத்ர் ப்ளூ. 2009-இல் வந்த மாடல். 39 மி.மீ. டாண்டலம் கேஸ், சுமார் 8.6 மி.மீ. தடிமன், கண்ணாடிபோல் மின்னும் நீல டயல், 7.30 மணி இருக்கும் இடத்தில் சிறிய விநாடி முள், கையால் சாவி கொடுக்கும் 1304 என்ற மெஷின். தேதி, நிலாக் கட்டம் என்று எதுவும் கிடையாது. பாகங்கள் குறைவு என்பதால் சோதிப்பதைக் கற்க நல்ல வாட்ச். பெரிய தொகை புரளும் மாடல் என்பதால் போலியும் உண்டு.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

ஃபிரான்சுவா-பால் ஜூர்ன் 1957-இல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்தவர். தன் பெயரில் ஜெனீவாவில் கம்பெனி தொடங்கியது 1999-இல். டயலில் பெயருக்குக் கீழே இருக்கும் 'இன்வெனித் எத் ஃபேசித்' என்ற லத்தீன் வரிக்கு 'கண்டுபிடித்தார், செய்தார்' என்று பொருள். 2004 வரை அவருடைய மெஷின்களின் பாலங்களும் அடித்தட்டும் ரோடியம் பூசிய பித்தளை. அதன்பின் 18 காரட் ரோஸ் தங்கம். ப்ளூ வந்தது 2009-இல் என்பதால் அதற்குப் பித்தளை மெஷின் என்பதே இல்லை. 'ஆரம்பகாலப் பித்தளை மெஷின் உள்ள ப்ளூ, மிக அரிது' என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

1304-இன் அமைப்பு போலியைப் பிடிக்கப் பெரிதும் உதவும். இரண்டு பேரல்கள் (ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாக்கள்) இணையாக வேலை செய்கின்றன. தொடராகப் பூட்டினால் ஓடும் நேரம் கூடும். இணையாகப் பூட்டினால் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் மீதும் விழும் சுமை குறைந்து, முதல் நாள் முழுக்க விசை சீராக வரும். ஜூர்ன் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. முழுச் சாவிக்கு ஓடுவது சுமார் 56 மணி நேரம். மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது விநாடிக்கு 6. அச்சுகளைத் தாங்கும் கல் மொத்தம் 22. பற்சக்கர வரிசை டயல் பக்கத்தில் ஒளிந்திருப்பதால், பின்பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால் பேரல்களும் பேலன்ஸும் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்) மட்டும் தெரியும். நடுவே அவற்றை இணைக்கும் சக்கரங்கள் கண்ணில் படாது. போலி செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி, ஏனென்றால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கைச்சாவி மெஷின்கள் பெரும்பாலானவற்றில் சக்கரங்கள் பின்பக்கம் தெரியும்.

தேவையான சாமான்கள்

10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று, 3 அல்லது 4 மடங்கு லூப் ஒன்று. இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், முழு டயலையும் ஒரே பார்வையில் காட்டுவது அதுதான். பரந்த வெளிச்சம் தரும் விளக்கும் புள்ளி வெளிச்சம் தரும் சிறு டார்ச்சும் தேவை. விரலுறை, மெத்தென்ற விரிப்பு, ரப்பர் ஊதுகுழல், பிளாஸ்டிக் காலிப்பர் (இரும்புக் காலிப்பர் கேஸில் கோடு போடும்), சிறு திசைகாட்டி, டைம்கிராஃபர். டைம்கிராஃபர் என்பது வாட்சின் டிக் சத்தத்தை மைக்கில் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி. சாதாரண சீனக் கருவியே இந்த வேலைக்குப் போதும்.

பின்மூடியைத் திறக்கும் கருவி இந்தப் பட்டியலில் இல்லை. விற்பவர் திறந்து காட்டுகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளியே இருந்தே முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும். மீதியைத் திறந்து பார்க்க வேண்டியது ஜூர்ன் கடைக்காரர்கள்.

படி 1: பார்க்கப் போகும்முன் படங்கள்

டயல் நேராக ஒன்று, சாய்வாக ஒன்று, பின்பக்கம் முழுதும், நான்கு லக்குகளும் (பட்டையை மாட்டும் கொம்புகள்) தனித்தனியாக, கிரவுன் (சாவி கொடுக்கும் குமிழ்) பக்கம், எதிர்ப்பக்கம், பக்கிளின் உள்ளும் புறமும், சான்றிதழ். இவற்றோடு ஒரு நிமிட வீடியோ: அன்றைய தேதியைக் கையால் எழுதிய காகிதத்தின் மேல் வாட்ச் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதைத் தர மறுப்பவரிடம் வாட்ச் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அதில் காட்ட விரும்பாத ஏதோ இருக்கலாம்.

பின்பக்கம் பொறித்த வரிசை எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணை ஜூர்ன் கடை ஒன்றிலும், திருட்டு வாட்சுகளைப் பதிவு செய்யும் லண்டனின் வாட்ச் ரெஜிஸ்டரிலும் கொடுத்துக் கேளுங்கள். சான்றிதழ் இல்லாத வாட்சை ஒதுக்க வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் சான்றிதழும் பெட்டியும் பளபளவென்று இருந்து வாட்ச் மட்டும் தேய்ந்திருந்தால், தாளின் விலையை வாட்சுக்குக் கொடுக்காதீர்கள்.

படி 2: கேஸ்

டாண்டலம் அடர்த்தி மிகுந்த உலோகம். ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 16.7 கிராம். இரும்பு சுமார் 8, டைட்டானியம் 4.5. ஆகவே ப்ளூவைக் கையில் எடுத்ததும், அதே அளவு ஸ்டீல் வாட்சைவிடக் கனமாக இருக்கிறதே என்று தோன்ற வேண்டும். நிறத்தில் சாம்பலோடு நீலச் சாயல் இருக்கும். ஸ்டீல் வாட்ச் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் அது டாண்டலம் இல்லை.

தங்கம், பிளாட்டினம் கேஸ்களில் சுவிஸ் அரசு முத்திரையான செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை இருக்கும். 1995 முதல் அதுதான் பொதுக்குறி. டாண்டலம் விலையுயர்ந்த உலோகமாகக் கணக்கில் வராததால் ப்ளூவில் அந்த முத்திரை இருக்காது. இல்லாததைக் குறையென்று எண்ணிவிட வேண்டாம்.

டாண்டலத்தில் கீறல் விழாது என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். விழும். அரிப்பை எதிர்ப்பதில் அது கெட்டி, கீறலை எதிர்ப்பதில் அப்படியில்லை. அதோடு இழுபடும் தன்மை உள்ள உலோகம். கடையும்போதும் தேய்க்கும்போதும் கருவியோடு ஒட்டிக்கொள்ளும். தங்கத்தை மெருகேற்றப் பழகியவர் டாண்டலத்தை அதே சக்கரத்தில் வைத்தால் பரப்பு மழுங்கி, ஆரஞ்சுத் தோல்போல் மெல்லிய மேடுபள்ளம் வந்துவிடும். 10 மடங்கு லூப்பில், புள்ளி வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பக்கவாட்டைப் பாருங்கள். விளக்கின் பிம்பம் நேர்கோடாக ஓட வேண்டும். நெளிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அடுத்து லக்குகள். நான்கும் ஒரே வடிவில் இருக்கின்றனவா, விளிம்புகள் கூர்மையாக நிற்கின்றனவா? பட்டையைக் கழற்றி உள்பக்கத்தையும் பாருங்கள். மெருகேற்றும் சக்கரம் உள்ளே எட்டாது என்பதால் பழைய பரப்பு அங்கே அப்படியே இருக்கும். உள்ளே உள்ள மெருகும் வெளியே உள்ள மெருகும் வேறாக இருந்தால் கேஸ் மறுபடி தேய்க்கப்பட்டிருக்கிறது. பின்மூடியில் பொறித்த எழுத்தின் ஆழமும் இதையே சொல்லும்: ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கக் கூடாது.

மெருகேற்றாத, கீறல் உள்ள கேஸைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கீறலோடு வாழலாம்; போன உலோகம் திரும்பாது.

படி 3: டயல்

ப்ளூவின் மதிப்பில் பெரும்பகுதி டயலில் இருக்கிறது. சேதத்தை மறைக்க முடியாத பாகமும் அதுதான். கண்ணாடி மெருகு என்பதால் நிழலில் கறுப்பாகவும் வெளிச்சத்தில் அடர்நீலமாகவும் மாறும். பரந்த வெளிச்சத்தில் மட்டும் பார்த்தால் எல்லாம் சுத்தமாகவே தெரியும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்து, வாட்சை மெல்லச் சுற்றுங்கள். மையத் துளையைச் சுற்றி அரைவட்டக் கீறல் தெரிந்தால், முள்ளைக் கழற்றும்போது கருவி வழுக்கியிருக்கிறது. சின்னஞ்சிறு புள்ளி தெரிந்தால் தூசியா குழியா என்று பிரிக்க வேண்டும்: தூசியின் நிழல் அதற்கு வெளியே டயல்மேல் விழும், குழிக்கு உள்ளே நிழல் விழும். டயலின் விளிம்பில் மங்கல் வளையம் போல் தெரிந்தால் ஈரம் உள்ளே போயிருக்கலாம்.

மங்கல் வெண்மஞ்சள் எண்களின் விளிம்புகளை 10 மடங்கில் பாருங்கள். மை நிரம்பி, ஓரம் சுத்தமாக நிற்க வேண்டும். முட்களின் பூச்சில், குறிப்பாக மையக் குழலருகே, உதிர்வு இருக்கிறதா? நிமிட முள்ளும் மணி முள்ளும் 12 மணியில் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படுகின்றனவா? கிரவுனை வெளியே இழுத்து, முள்ளை முன்பக்கமாகவே 12-க்குக் கொண்டுவந்து பாருங்கள். மணி முள் சற்றே விலகியிருந்தால், முள்ளைக் கழற்றி மாட்டியவர் அவசரப்பட்டிருக்கிறார். சரிசெய்யக்கூடிய குறைதான். ஆனால் அதே அவசரக்காரர் வேறென்ன செய்தார் என்ற கேள்வி கூடவே வரும்.

முன்னும் பின்னும் நீலக்கல் கண்ணாடி. அதில் சாதாரணக் கீறல் விழாது, ஓரத்தில்தான் சில்லு பெயரும். நகத்தால் விளிம்பைச் சுற்றி வருடினால் தட்டுப்படும்.

படி 4: மெஷின்

இனி பின்பக்கம். இங்கே அதிக நேரம் செலவிடுங்கள்.

பாலங்கள் 18 காரட் தங்கம். தங்கம் மிருதுவானது, ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை நழுவினால் போதும், தழும்பு விழுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு திருகையும் சுற்றியுள்ள இரண்டு மி.மீ. பரப்பை 10 மடங்கில் பாருங்கள். திருகுத் தலைகள் மெருகேற்றப்பட்டு, பள்ளங்களின் ஓரம் சரிவாக்கப்பட்டிருக்கும். அந்தச் சரிவில் நசுங்கல் இருந்தால் ஸ்க்ரூடிரைவரின் அலகு அந்தத் திருகுக்கு அகலமோ தடிப்போ பொருந்தாதது. ஒரு திருகில் மட்டும் இருந்தால் விபத்து. எல்லாவற்றிலும் இருந்தால், பயிற்சி இல்லாத கை முழு மெஷினையும் பிரித்திருக்கிறது.

பாலங்களின் மேல் வட்டமாக ஓடும் ஜெனீவாக் கோடுகள் என்ற அலங்கார வரிகள் ஒரு பாலத்திலிருந்து அடுத்ததற்குத் தொடர்ச்சியாகப் போகின்றனவா? கோடு எங்கே மங்குகிறதோ அங்கே யாரோ துடைத்திருக்கிறார்கள், அல்லது கீறலை மறைக்கத் தேய்த்திருக்கிறார்கள். ஜெனீவாக் கோட்டைத் தேய்த்தபின் மறுபடி போட, முழுப் பாலத்தையும் புதிதாக முடிக்க வேண்டும்.

விளிம்புச் சரிவுகளைப் பார்க்கத் தனிப் பழக்கம் வேண்டும். பாலத்தின் ஓரத்தில் 45 டிகிரியில் வெட்டி மெருகேற்றிய மெல்லிய பட்டை அது. வாட்சை மெல்லச் சாய்த்தால் ஒளி அந்தப் பட்டையின் மேல் உடையாமல் ஓட வேண்டும். இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் மூலையைச் சுழலும் கருவியால் கூராக வெட்ட முடியாது. கருவியின் வட்டம் அங்கே தங்கிவிடும். கூரான உள்மூலை கையால் அரமும் மரக்குச்சியும் கொண்டு செய்தது. சுவிட்சர்லாந்தின் ஜோ பள்ளத்தாக்கில், ல சொலியா கிராமத்தில் இருக்கும் ஃபிலிப் துஃபூரின் சிம்ப்ளிசிட்டி வாட்சுதான் இதற்கு எல்லோரும் காட்டும் உரைகல். 2000-இல் வந்தது, மொத்தமே சுமார் 200 செய்யப்பட்டது. அதன் ஆண்டுவிழாப் பதிப்பின் முதல் வாட்ச் 2020 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 13.6 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது.

அந்தக் கண்ணோடு ஜூர்னைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அது நியாயமான ஏமாற்றம் இல்லை. ஜூர்னின் முடிப்பு சுத்தமானது, ஒழுங்கானது. ஆனால் அவர் கவனம் முழுதும் விசை எப்படிப் போகிறது, நேரம் எப்படிக் காக்கப்படுகிறது என்பதில். ஓவியத்துக்குக் கொடுக்கும் பணமா, பொறியியலுக்குக் கொடுக்கும் பணமா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கறுப்பு மெருகு என்று விற்பவர் சொல்லும் எஃகுப் பாகத்தைச் சோதிப்பது எளிது. ஒரு கோணத்தில் முழுதும் கறுப்பாகவும் சற்றே திருப்பினால் முழுதும் வெள்ளையாகவும் மாற வேண்டும். இடையில் சாம்பல் திட்டு தெரிந்தால் மெருகு முழுமையில்லை.

படி 5: சாவியும் கிரவுனும்

கிரவுனை உள்ளே வைத்துச் சாவி கொடுங்கள். ஒவ்வொரு பல்லும் சீராகச் சொடுக்க வேண்டும், நடுவே வழுக்கக் கூடாது. முடிவில் உறுதியான தடை வரும். அதற்கு மேல் அழுத்த வேண்டாம். தடையே வராமல் சுற்றிக்கொண்டே போனால் ஸ்பிரிங்கின் முனை பிடிப்பு விட்டிருக்கலாம். முள் நகர்த்தும்போது எடை சீராக இருக்க வேண்டும். தளர்ந்து ஓடினால் உராய்வுப் பொருத்தம் தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வாட்ச் மேசையில் சரியாக ஓடி, கையில் கட்டியதும் பின்தங்கும்.

படி 6: ஓட்டத்தை அளத்தல்

முழுச் சாவி கொடுத்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். டைம்கிராஃபரில் துடிப்பு 21,600, லிஃப்ட் கோணம் (ஒவ்வொரு துடிப்பிலும் விசை பெறும்போது பேலன்ஸ் திரும்பும் கோணம்) 52 டிகிரி என்று வையுங்கள். கோணத்தைத் தவறாக வைத்தால் விநாடிக் கணக்கு மாறாது, ஆனால் பேலன்ஸின் வீச்சு, அதாவது அது ஆடும் கோணம், பொய்யாகக் காட்டும். 52-க்குப் பதில் 44 என்று வைத்தால், உண்மையில் 270 டிகிரி ஆடும் பேலன்ஸ் ஏறத்தாழ 228 என்று தெரியும். நல்ல வாட்சை ரிப்பேர் வாட்ச் என்று நினைத்துவிடுவீர்கள். 44 டிகிரி மெஷினுக்கு 52 வைத்தால் ரிப்பேர் வாட்ச் நல்லதாகத் தெரியும். விற்பவர் காட்டும் அளவுப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஆறு நிலைகளில் அளக்க வேண்டும்: டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் கீழே, கிரவுன் மேலே, கிரவுன் இடப்பக்கம், கிரவுன் வலப்பக்கம். ஒவ்வொன்றிலும் முதல் 30 விநாடி தள்ளிவிட்டு அடுத்த ஒரு நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் கழித்து, இடையில் சாவி கொடுக்காமல், மறுபடி ஆறும்.

நல்ல நிலையில் உள்ள 1304, முழுச் சாவியில் டயல் மேலே இருக்கையில் 300 டிகிரியைத் தாண்டி ஆடும். 24 மணி நேரம் கழித்தும் 280-க்கு அருகே நிற்க வேண்டும். இரட்டைப் பேரலின் பயனே அதுதான். செங்குத்து நிலைகளில் 20 முதல் 40 டிகிரி வரை குறைவது இயல்பு. டயல் மேலே இருக்கையிலேயே 250-க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

டயல் மேலேயும் டயல் கீழேயும் வீச்சு மிகவும் வேறுபட்டால் பேலன்ஸ் அச்சின் ஒரு முனை தேய்ந்திருக்கலாம் அல்லது அந்தப் பக்கக் கல்லில் பழுது இருக்கலாம். கீழே விழுந்த வாட்சில் பார்க்கும் குறை. திரையில் இரண்டு கோடுகள் விலகி ஓடினால் டிக்கும் டாக்கும் சமமில்லை. அந்தப் பிழை 0.5 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது, ஒன்றைத் தாண்டினால் ஏன் என்று கேட்க வேண்டும். கோடு சீரான அலையாக நெளிந்தால் ஏதோ ஒரு சக்கரம் மையம் விலகி ஓடுகிறது அல்லது பல்லில் அழுக்கு. புள்ளிகள் சிதறிப் பனிமூட்டமாகத் தெரிந்தால் எஸ்கேப்மென்டில் (விசையைத் துடிப்பு துடிப்பாகப் பேலன்ஸுக்கு விடும் பாகம்) அழுக்கு. மைக் சரியாகப் பிடிக்காவிட்டாலும் இப்படியே தெரியும் என்பதால் வாட்சை மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். முழுச் சாவியில் மட்டும் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் பேலன்ஸ் அளவுக்கு மீறி ஆடி, சுற்றி வந்து முட்டுகிறது. புதிதாக மாட்டிய ஸ்பிரிங் தேவைக்கு மேல் வலிமையாக இருந்தால் இது வரும்.

எல்லா நிலைகளிலும் ஒரேபோல் மிக முந்தினால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். பேலன்ஸ் பக்கம் திசைகாட்டியை வைத்தால் ஊசி ஆடும். காந்தம் நீக்கும் கருவிக்கு மேலே வாட்சைப் பிடித்து, பொத்தானை அழுத்தியபடியே மெல்ல அரை மீட்டர் தூரத்துக்கு விலக்கி, பிறகே பொத்தானை விட வேண்டும். அருகிலேயே விட்டுவிட்டால் முன்பைவிட அதிகமாகக் காந்தம் ஏறும்.

21,600 துடிப்பு வாட்ச் ஒரு நாளில் 5,18,400 முறை துடிக்கிறது. அதில் வெறும் 6 துடிப்பு தவறினால் நாளுக்கு ஒரு விநாடி. நாளுக்கு 4, 5 விநாடி ஓடும் வாட்சைக் குறை சொல்லும்முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம். ஓட்டத்தின் அளவைவிட ஆறு நிலைகளுக்கிடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். எப்போதும் 5 விநாடி முந்துவதைத் திருத்தலாம், ஒரு நிலையில் 8 முந்தி மறுநிலையில் 8 பிந்துவதைத் திருத்துவது கடினம்.

அந்தத் திருத்தத்தையும் தெருமுனைக் கடையில் செய்ய முடியாது. 1304-இன் பேலன்ஸில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் இல்லை. சக்கரத்தில் உள்ள நான்கு சிறு எடைகளை எதிரெதிர் ஜோடியாக, ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் சக்கரத்தின் சமநிலை குலைந்து, செங்குத்து நிலைகள் எல்லாம் தாறுமாறாகும்.

இந்த அளவீட்டு முறை எல்லா வாட்சுக்கும் பொருந்தாது. ஜூர்னின் ரெசொனான்ஸ் வாட்சில் இரண்டு பேலன்ஸ்கள் ஒரே கேஸில் துடிப்பதால் மைக் இரண்டையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும். வேறு தனிக் கலைஞர்களான காரி வூட்டிலைனனின் வான்-உயித், ரோஜர் ஸ்மித்தின் கோ-ஆக்சியல் போன்ற வாட்சுகளில் எஸ்கேப்மென்ட் வேறு வகை என்பதால் துடிப்புச் சத்தமும் வேறு மாதிரி. சாதாரணக் கருவி காட்டும் வீச்சை அவற்றில் நம்ப வேண்டாம்.

கடைசியாக, முழுச் சாவி கொடுத்து நிற்கும்வரை ஓடவிடுங்கள். 56 மணி நேரத்தை ஒட்டி நிற்க வேண்டும். 50-க்குள் நின்றால் ஸ்பிரிங் களைத்திருக்கிறது அல்லது எண்ணெய் போயிருக்கிறது. இதற்கு மூன்று நாள் ஆகும். மூன்று நாள் தர முடியாத விற்பவரிடம், ஜூர்ன் கடையில் சோதித்த பிறகே பணம் என்று சொல்லுங்கள்.

படி 7: நாளைக்கு யார் பார்ப்பார்கள்

ஜூர்னைத் தனித்து இயங்குவோரில் பாதுகாப்பான தேர்வு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்: டயல் செய்யும் பட்டறையும் கேஸ் செய்யும் பட்டறையும் கம்பெனிக்கே சொந்தம். 2018-இல் பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான ஷனெல் 20 சதவீதப் பங்கு வாங்கியது. ஆள் போனாலும் நிறுவனம் நிற்கும் என்பதற்கு அது ஒரு அடையாளம். தன் பழைய வாட்சுகளைத் தானே வாங்கி, செப்பனிட்டு விற்கும் 'பாத்ரிமுவான்' பிரிவும் உண்டு. அங்கே விலை கூடுதல்தான், ஆனால் படி 2 முதல் 6 வரை உள்ள வேலையை அவர்களே செய்து முடித்திருப்பார்கள்.

ஒருவர் மட்டும் உட்கார்ந்து செய்யும் வாட்ச் என்றால் கேள்வியை நேராகக் கேளுங்கள்: பட்டறையில் வேறு யார் இருக்கிறார்கள், வரைபடங்கள் எங்கே, கூடுதல் பாகங்கள் செய்து வைத்திருக்கிறாரா? பிரிட்டனுக்கு அருகே மேன் தீவில் இருந்த கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் 2011-இல் இறந்தார். அவரோடு வேலை செய்த ரோஜர் ஸ்மித் அதே தீவில் அதே மரபில் வாட்ச் செய்துகொண்டிருக்கிறார். எல்லோருக்கும் அப்படி ஒரு வாரிசு அமைவதில்லை.

படி 8: பணமும் சுங்கமும்

ஏலத்தில் எடுத்தால் சுத்தியல் விலைக்கு (ஏலம் முடியும் விலை) மேல் ஏறத்தாழ கால் பங்கு ஏலக் கட்டணம் சேரும். அதைக் கணக்கில் வைத்துக் கேட்க வேண்டும். இந்தியாவில் கடையில் வாங்கினால், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வரி) பிடிக்கிறார். வருமான வரிக் கணக்கில் அது உங்கள் பெயரில் வரவாகும், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூர்ன் சர்வீஸுக்காக வெளிநாடு கொண்டுபோகும்போது, புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத்தாரிடம் வரிசை எண் குறித்த ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதாக எண்ணி வரி கேட்பார்கள். முதலைத் தோல் பட்டை இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாட்சை மட்டும் அனுப்புங்கள். அந்தத் தோல் எல்லை கடக்க வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் தனித் தாள் கேட்பார்கள், வாட்ச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

வாங்கிய பிறகு

தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். 56 மணி நேரம் ஓடும் என்பதால் இரண்டு நாளுக்கொருமுறை கொடுத்தாலும் நிற்காது, ஆனால் சீரான விசை முதல் நாளில்தான். சாவி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் ப்ளூவில் இல்லை. கையில் கட்டியபடியே சாவி கொடுக்காதீர்கள். கிரவுனின் தண்டு பக்கவாட்டில் வளையும்.

30 மீட்டர் என்று எழுதியிருப்பது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கு. நம் ஊர்க் கோடையில் தோல் பட்டை வியர்வையில் ஊறி ஆறு மாதத்தில் உடையும். அப்போது துணி உள்பூச்சுள்ள பட்டையோ ரப்பரோ போட்டுக்கொண்டு, ஜூர்ன் தந்த பட்டையைப் பெட்டியில் வைத்துவிடலாம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் கொடுங்கள்: கேஸை மெருகேற்றக் கூடாது, டயலையும் முட்களையும் கேட்காமல் மாற்றக் கூடாது, மாற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும், நீர்ப்புகாச் சோதனையைக் காற்றழுத்தத்தில் மட்டுமே செய்ய வேண்டும். வாயால் சொன்னது பட்டறை மேசைவரை போய்ச் சேராது. கொடுக்கும்முன் எல்லாத் திருகுகளும் தெரியும்படி பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். வாட்ச் திரும்பி வந்ததும் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டுவிட்டு, படி 6-இல் எழுதி வைத்த தாளை எடுத்து ஆறு நிலைகளையும் மறுபடி அளந்து, பிறகு ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.